கணினி கேள்வி–பதில்: ஆக்சஸிலிருந்து வேறொரு புரோகிராமைத் திறக்கும்போது

கேள்வி: பீனியா தொழிற்பேட்டையில் உள்ள எங்கள் தொழிற்சாலையின் ஸ்டோர்ஸ் கணக்கை மைக்ரோசாஃப்ட் ஆக்சஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் அமைத்திருக்கிறேன். பொத்தானை அழுத்தினால் அன்றைய சரக்கு விவரம் டெஸ்க்டாப்பில் டெக்ஸ்ட் ஃபைலாகச் சேமிக்கப்படும். ஷெல் கட்டளை அந்த ஃபைலின் பெயருடன் பார்கோடு லேபிள் புரோகிராமைத் திறக்கும். அடுத்த வரி ஃபைலை அழித்துவிடும். ஸ்டோர்ஸ் கணினியில் புரோகிராம் திறந்தாலும், ஃபைல் இல்லை என்ற செய்தியே எப்போதும் வருகிறது. என் கணினியில் சில வேளைகளில் மட்டும் அப்படி வருகிறது. என்ன காரணம்?
– வாசகர், பெங்களூரு

பதில்: செய்தி ஒன்றாக இருந்தாலும் இங்கே இரண்டு தவறுகள் இருப்பதாகத் தோன்றுகிறது. புரோகிராம் திறந்துவிடுவதால் ஷெல் கட்டளையையோ பாதுகாப்பு அமைப்புகளையோ சந்தேகிக்க வேண்டியதில்லை; அதனிடம் ஒப்படைக்கப்படும் ஃபைல் பெயரைத்தான் பார்க்க வேண்டும்.

ஷெல்லுக்குத் தரும் முழு வரியையும் முதலில் ஒரு மாறியில் சேர்த்து, டீபக் பிரிண்ட் என்ற கட்டளை மூலம், சோதனை விவரங்களைக் காட்டும் இம்மீடியட் விண்டோவில் அச்சிட்டுப் பாருங்கள். கண்ட்ரோல், ஜி விசைகளைச் சேர்த்து அழுத்தினால் அந்த விண்டோ திறக்கும். டெஸ்க்டாப்பின் பாதையில், அதாவது கணினியில் அது இருக்கும் இடத்தின் முழு முகவரியில், பெரும்பாலும் விண்டோஸ் பயனர் பெயரும் அடங்கியிருக்கும். ஸ்டோர்ஸ் கணினியில் அந்தப் பெயர் இடைவெளி விட்டு இரண்டு சொற்களாக இருந்தால், லேபிள் புரோகிராம் முதல் இடைவெளி வரைக்கும் உள்ள துண்டையே ஃபைல் பெயராக எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தியில் பாதை பாதியில் அறுந்து நிற்கிறதா என்று பார்த்தால் இது உறுதியாகிவிடும். புரோகிராமின் பாதை, ஃபைலின் பாதை ஆகிய இரண்டையும் தனித்தனியே இரட்டை மேற்கோள் குறிக்குள் அடைப்பதே இதற்குத் தீர்வு. ஆக்சஸில் கட்டளைகளை எழுதும் மொழியான விபிஏவில், ஒரு சரத்துக்குள் (எழுத்துத் தொடருக்குள்) ஒரு மேற்கோள் குறி வேண்டுமானால் அதை இரட்டித்து எழுத வேண்டும். மேற்கோள் குறிகள் வரிசையாக நின்று கண்ணைக் குழப்புமானால் அந்தக் குறியைத் தரும் சிஎச்ஆர் 34 என்பதைப் பயன்படுத்தலாம்.

தங்கள் கணினியில் எப்போதாவது வரும் பிழைக்குக் காரணம் வேறு. ஷெல் ஒரு புரோகிராமைத் தொடங்கி வைத்தவுடன், அது முடியும்வரை காத்திராமல் அடுத்த வரிக்குப் போய்விடும். ஆகவே, லேபிள் புரோகிராம் படிப்பதற்கு முன்பே ஃபைல் சில வேளைகளில் அழிக்கப்பட்டுவிடுகிறது. விண்டோஸில் உள்ள டபிள்யூஸ்கிரிப்ட் ஷெல் என்ற வேறொரு வசதியின் ரன் கட்டளையில் மூன்றாவது மதிப்பாக ட்ரூ கொடுத்துக் காத்திருக்கச் செய்யலாம் என்றாலும், லேபிள் புரோகிராமை மூடும்வரை ஆக்சஸ் அசையாது நிற்கும் என்பதால், அந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அழிக்கும் வரியை அங்கிருந்து எடுத்து, அடுத்த முறை ஃபைலைச் சேமிப்பதற்குச் சற்று முன்னால் வைத்துவிடுங்கள். பழைய ஃபைல் ஒன்று அதுவரை டெஸ்க்டாப்பில் கிடப்பதால் கெடுதல் ஏதுமில்லை.

இன்னொன்று: ஷெல்லின் இரண்டாவது மதிப்பைத் தராமல் விட்டால் புரோகிராம் சுருங்கிய நிலையில் டாஸ்க்பாரில்தான் திறக்கும். அங்கே விபி நார்மல் ஃபோகஸ் என்று எழுதிவிடுங்கள். இல்லையெனில், திறக்கவே இல்லை என்று ஸ்டோர்ஸ் ஊழியர் பொத்தானை மறுபடியும் மறுபடியும் அழுத்துவார்.

கேள்வி: ஷெல் மூலம் ஒரு பிடிஎஃப் ஃபைலைத் திறக்க முயன்றால் பிழை வருகிறதே, ஏன்?
– வாசகி, அல்சூர், பெங்களூரு

பதில்: ஷெல் புரோகிராம்களை மட்டுமே இயக்கும், எந்த ஆவணத்தை எந்தப் புரோகிராமில் திறப்பது என்பதை அது தேடிப் பார்ப்பதில்லை. ஆக்சஸிலேயே உள்ள ஃபாலோ ஹைப்பர்லிங்க் கட்டளைக்கு ஃபைலின் முழுப் பாதையையும் கொடுத்தால், அந்தக் கணினியில் பிடிஎஃப்புக்கென்று அமைத்துள்ள புரோகிராமிலேயே அது திறக்கும்.