ரீச்சர் பதில்கள்: வெள்ளிக்கிழமை விளக்கு

கேள்வி: ரீச்சர், நான் திருகோணமலை உப்புவெளி. இஸ்ரேலில் நெத்தன்யா என்ற ஊரில் ஐந்து வருடம் ஒரு வயதான அம்மாவைப் பராமரித்தேன். போன வருடம் அவர் காலமானார். நான் ஊருக்கு வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை பொழுதுபடுகிற நேரம் வந்தால் கை தானாக இரண்டு மெழுகுதிரி தேடுகிறது. யூத சமயத்துக்கு மாறலாமா என்று யோசிக்கிறேன். அம்மா அழுகிறா. இங்கே ஒருவர், காசு கட்டினால் ஆறு மாதத்தில் மதம் மாறிய சான்றிதழ் எடுத்துத் தரலாம், இஸ்ரேலில் குடியுரிமையும் கிடைக்கும் என்கிறார். நம்பலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். ஒரு சதம் கொடுக்காதீர்கள் மகள். 1950இல் இஸ்ரேல் இயற்றிய திரும்பிவரும் உரிமைச் சட்டத்தை 1970இல் திருத்தியபோது, யூத சமயத்துக்கு மாறியவரும் யூதரே என்று எழுதி வைத்தார்கள். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் இப்படியானவர்கள் பிழைக்கிறார்கள். எந்தச் சமூகத்தோடு படித்தீர்கள், எவ்வளவு காலம் படித்தீர்கள், மாறிய பிறகும் அவர்களோடு இருந்தீர்களா என்று அங்கே துருவித் துருவிக் கேட்பார்கள். வேலை விசாவில் இருப்பவர் அந்த நாட்டுக்குள்ளேயே மாறுவதென்றால் அதற்கென்று உள்ள குழுவின் விசேட அனுமதி வேண்டும். ஆறு மாதச் சான்றிதழைக் காட்டினால் சிரிப்பார்கள்.

இனி மெழுகுதிரி.

ஓய்வுபெற்ற பிறகு லண்டனில் மகளோடு ஆறு வருடம் இருந்தேன். கோல்டர்ஸ் கிறீன் பக்கம் வீடு. கீழ்வீட்டில் தனியாக ஒரு யூதக் கிழவி. முதல் மாதத்தில் ஒரு வெள்ளி இரவு கதவைத் தட்டினா. திறந்தால், "எங்கள் நடையில் நல்ல இருட்டு" என்றா. நானும் "ஓம், இருட்டுத்தான்" என்றேன். நின்றா. நானும் நின்றேன். பிறகுதான் மகள் உள்ளேயிருந்து வந்து, "அம்மா, போய் லைற்றைப் போட்டுவிடுங்கோ" என்றாள். சபாத் என்பது வெள்ளி மாலை தொடங்குகிற அவர்களின் ஓய்வுநாள். அன்று விளக்குப் போடக்கூடாது. போட்டுத் தா என்று வேற்றாளிடம் வாய்விட்டுக் கேட்கவும் கூடாது. இருட்டு என்று சொல்லலாம்! அதன் பிறகு ஆறு வருடமும் அந்த வீட்டு இருட்டு என் பொறுப்பு.

அப்படித்தான் அவவின் மேசை எனக்குப் பழக்கமானது. பொழுதுபட 18 நிமிடம் இருக்கும்போது திரிகளை ஏற்றி, வெளிச்சத்தை முகத்துக்கு அள்ளி எடுப்பதுபோல் மூன்று தரம் கையைச் சுற்றி, கண்ணைப் பொத்திக்கொண்டு வேண்டுவா. எங்கள் கோயிலில் கற்பூர ஆராத்தியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிறோமே, கிட்டத்தட்ட அதே கை. மேசையில் பின்னல்போல் முறுக்கிச் சுட்ட பாண் இரண்டு, மேலே ஒரு வெள்ளைத் துணி. ஏன் மூடுகிறீர்கள் என்று கேட்டேன். முதல் ஆசீர்வாதம் திராட்சை ரசத்துக்குத்தானாம். தன்னை விட்டுவிட்டு அதை முதலில் கூப்பிடுவதைப் பார்த்தால் பாண் வெட்கப்படுமாம். பாணின் மனம் நோகக்கூடாது என்று நினைக்கிற வீட்டில் மருமகளின் நிலை எப்படி இருக்குமோ, அது வேறு கதை.

சனிக்கிழமை முழுக்க 39 வகை வேலை விலக்கு. சமையல் இல்லை, வெள்ளியே அடுப்பில் ஏற்றிய அவரையும் உருளைக்கிழங்கும் இறைச்சியும் இரவெல்லாம் மெல்லிய சூட்டில் கிடந்து மறுநாள் மதியம் வீடு மணக்கும். எழுதவும் கூடாது. முப்பது வருடம் சனிக்கிழமைகளைச் சிவப்புப் பேனையோடு கழித்த எனக்கு, எழுதக்கூடாதென்றால் தாள் திருத்தவும் கூடாது என்று விளங்கியபோது வந்த பொறாமையை என்ன சொல்ல! அன்றிரவு வானத்தில் மூன்று நட்சத்திரம் தெரிந்ததும் பின்னிய மெழுகுதிரியைக் கொளுத்தி, ஒரு சின்னச் செப்பில் கறுவாவும் கராம்பும் போட்டு எல்லாரும் மணப்பார்கள். ஓய்வுநாள் போய்விட்ட கவலைக்கு அந்த மணம் மருந்தாம். அவவின் செப்பில் இருந்தது நான் கொண்டுபோன எங்கள் நாட்டுக் கறுவா.

ஆகவே உங்கள் கை ஏன் மெழுகுதிரி தேடுகிறது என்று எனக்கு விளங்குகிறது. ஆனால் நீங்கள் தேடுவது அந்தச் சமயத்தையா, அந்த அம்மாவையா? இதைக் குறைவாக நினைத்துக் கேட்கவில்லை. ஐந்து வருடம் குளிப்பாட்டி, ஊட்டி, பக்கத்தில் படுத்தெழும்பிய ஒருவரை இழந்திருக்கிறீர்கள். அங்கே மகளென்று துக்கம் காக்க உங்களுக்கு இடம் கிடைத்திருக்காது. இறந்தவரின் ஆண்டு நாளில் இரவும் பகலும் அணையாமல் எரிகிற ஒரு விளக்கை ஏற்றுவது அவர்கள் வழக்கம், எங்கள் திவசம்போல. அந்த அம்மாவை நினைத்து அதை ஏற்ற நீங்கள் மதம் மாறத் தேவையில்லை.

அதற்குப் பிறகும் மனம் அங்கேயே நின்றால், தெரிந்துகொள்ள வேண்டியது இது. அவர்கள் ஆள் சேர்க்கிறவர்கள் அல்ல. மனிதர் எல்லாருக்கும் பொதுவான நோவாவின் ஏழு கட்டளைகளைக் காத்து நல்லபடி வாழ்கிற எவருக்கும் மறுமையில் பங்குண்டு என்பது அவர்கள் நம்பிக்கை. அதற்கு யூதராக வேண்டியதில்லை. வருகிறவரை மூன்று தரம் திருப்பி அனுப்புவது பழைய வழக்கம். பைபிளில் வரும் ரூத்தை அவளுடைய மாமி நகோமி மூன்று முறை திரும்பிப் போகச் சொன்னாள் அல்லவா, அதிலிருந்து வந்தது. "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம், உம்முடைய தேவன் என்னுடைய தேவன்" என்று ரூத் சொன்னதில் எது முதலில் வருகிறது பாருங்கள். ஜனம் முதல், தேவன் பிறகு. அவர்களின் பழைய சட்ட நூலான தல்மூதும் வருகிறவரிடம் முதலில் நம்பிக்கையைக் கேட்கச் சொல்லவில்லை. இந்த மக்கள் துன்பப்பட்டு, விரட்டப்பட்டுக் கிடப்பது தெரியாதா, ஏன் வந்தாய் என்று கேட்கச் சொல்கிறது. தெரியும், அதற்கும் நான் தகுதியில்லை என்றால் உடனே ஏற்றுக்கொள் என்கிறது. புகுந்த வீட்டுக்குப் போவதுபோலத்தான். மாமியார் வீட்டைத் தபாலில் கட்டமுடியாது.

ஒரு வருடமோ அதற்கு மேலோ படிப்பு. பிறகு மூன்று பேர் கொண்ட சமய மன்று. ஆணென்றால் விருத்தசேதனம். கடைசியில் மிக்வே என்ற நீரில் முழுக்கு. அது எங்கள் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் வாளியால் அள்ளி ஊற்றுவதுபோல் அல்ல. மோதிரம், நகப்பூச்சுக்கூட இல்லாமல், ஒரு முடி வெளியே தெரியாமல் அமிழ வேண்டும். கடலும் மிக்வேதான். எங்கள் டச்சுக்குடாக் கடலே போதும். கடலுக்கு இங்கே என்ன குறை? மன்றுக்கு மூன்று பேர் இல்லை, கூட்டுத் தொழுகைக்குப் பத்து ஆண்கள் இல்லை, அந்த மேசையைச் சுற்றி உட்கார ஆளில்லை. தனியாக இருந்து இந்துவாக இருக்கலாம். யூதராக இருப்பது கஷ்டம்.

அந்த அம்மாவின் பிள்ளைகளோடு தொடர்பிருந்தால் அவர்கள் போகிற தொழுகைக்கூடத்து ரபி என்ற குருவின் விலாசத்தைக் கேட்டு எழுதுங்கள். அவர் பதில் போடாவிட்டால் மறுபடி எழுதுங்கள். அதுவே முதற் பரீட்சையாக இருக்கலாம். இன்னொன்று: மாறுவதற்காகப் படிக்கிறவர்கள் முழுக்கு முடியும்வரை சபாத்தை முழுசாகக் காப்பதில்லை, வேண்டுமென்றே ஒரு லைற்றையாவது போட்டு அணைப்பார்கள். ஆகவே வெள்ளிக்கிழமை அம்மா சாமியறைக் குத்துவிளக்குக்கு எண்ணெய் விடச் சொன்னால், தாராளமாக விடுங்கள்.

கேள்வி: காஸா எரிகிற காலத்தில், போன இதழில் யூதர் வீட்டுச் சாப்பாட்டை ரசித்து எழுதினீர்கள். மனச்சாட்சி இல்லையா? (கிண்ணியா வாசகர்)

பதில்: இருக்கிறது தம்பி. அந்தப் பிள்ளைகளின் படங்களைப் பார்த்துவிட்டு நானும் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்திருக்கிறேன். ஆனால் ஒரு அரசு செய்வதற்கு லண்டனில் பாணை மூடி வைத்த கிழவி பதில் சொல்ல வேண்டுமென்றால், எங்கள் பெயரைச் சொல்லி ஆயுதம் தூக்கியவர்கள் செய்த ஒவ்வொன்றுக்கும் நான் உங்களுக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். 1990 யுத்தத்தில் நீங்களும் நானும் எந்தெந்தப் பாதையால் ஓடினோம் என்று நினைத்துப் பாருங்கள். சாப்பாட்டைப் பற்றி இனியும் எழுதுவேன். கோபம் வந்தால் நீங்களும் எழுதுங்கள்.

கேள்வி: எபிரேய பைபிளில் தமிழ்ச் சொல் இருக்கிறதாமே?

பதில்: சாலொமோனின் கப்பல்கள் கொண்டுவந்த பொருட்களில் 'துக்கி' என்றொரு பறவை வருகிறது. மயில் என்று மொழிபெயர்ப்பார்கள். அது எங்கள் 'தோகை' என்று அறிஞர் பலர் சொல்லியிருக்கிறார்கள். இன்றைய எபிரேயத்தில் அதே சொல்லுக்குக் கிளி என்று பொருள். மயில் போய்க் கிளியாக வந்தாலும் எங்கள் வீட்டுப் பறவைதான். கொச்சிக்குப் போகிறவர்கள் மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய யூதத் தொழுகைக்கூடத்தைப் பாருங்கள். சேர அரசன் அங்கிருந்த யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்குக் கொடுத்த செப்பேட்டின் எழுத்தும் தமிழ் எழுதிய பழைய வட்டெழுத்துத்தான்.

கேள்வி: யூதர்கள் திருகோணமலைக்கு வந்தால் என்ன சாப்பிடக் கொடுக்கலாம்?

பதில்: நண்டு, இறால், கணவாய் மூன்றும் கூடாது. சுறாப்புட்டும் கூடாது. செட்டையும் செதிலும் உள்ள மீன்தான் ஆகும். அறக்குளா, பாரை, விளைமீன் எல்லாம் சரி. இறைச்சியோடு தயிர் வைக்காதீர்கள். கண்டிப்பானவர் என்றால் உங்கள் சட்டியில் சமைத்ததையே தொடமாட்டார். குறை நினைக்காமல் ஒரு செவ்விளநீர் வெட்டிக் கொடுங்கள். நண்டை எனக்கு அனுப்புங்கள்.