சாக்கர் ஃபீஸுக்காக 529-ஐ நிறுத்தலாமா?

கேள்வி: வணக்கம் அண்ணா. டெக்சாஸ் ஃபிரிஸ்கோல இருக்கோம், ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். பையன் 2015 அக்டோபர்ல பிறந்தவன், சும்மா ஜாலிக்கு ஆடற ரெக் லீக்ல சாக்கர் விளையாடிட்டு இருந்தான், இப்ப ஒரு காம்பெட்டிடிவ் கிளப்போட டாப் டீம்ல இடம் கிடைச்சிருக்கு. வருஷ ஃபீஸ் 3,200 டாலர், யூனிஃபார்ம் 400 தனி, நாலு டோர்னமென்ட் வெளியூர்ல. வாரம் ஒரு பிரைவேட் ட்ரெயினிங்கும் வேணும்னு கோச் சொல்றார், ஒரு மணி நேரம் 60 டாலர். என் வீட்டுக்காரர், பையன் காலேஜுக்குன்னு வரிச் சலுகையோட சேக்கற 529 கணக்குல மாசம் போடற 400 டாலரை நிறுத்திட்டு இதுல போடலாம், எப்படியும் சாக்கர் ஸ்காலர்ஷிப்லயே காலேஜ் போயிடுவான்ங்கறார். எனக்கு மனசு ஒப்பல.

பதில்: வணக்கம்மா. முதல்ல கணக்கைப் போட்டுடலாம், மத்ததெல்லாம் அப்புறம். ஃபீஸ், யூனிஃபார்ம் சேர்த்து 3,600. ட்ரெயினிங் வருஷத்துக்கு 40 வாரம்னு வெச்சா 2,400. வெளியூர் டோர்னமென்ட் ஒவ்வொண்ணுக்கும் ஹோட்டல் ரெண்டு ராத்திரி, வண்டிக்கு கேஸ், சாப்பாடுன்னு குறைஞ்சது 750 ஆகும், நாலுக்கு 3,000. மொத்தம் 9,000. நீங்க 529-ஐ நிறுத்தினா மிச்சமாகறது 4,800 தான், பாக்கி 4,200 எங்கிருந்து வரும்னு உங்க வீட்டுக்காரரைக் கேளுங்க, பெரும்பாலான வீட்டுல அதுக்கு பதில் கிரெடிட் கார்டுதான், அதுவும் 20 பர்சன்ட்டுக்கு மேல வட்டில.

ஹோட்டல்லயும் ஒரு விஷயம் இருக்கு. நிறைய டோர்னமென்ட்ல அவங்க சொல்ற ஹோட்டல்ல, அவங்க புக்கிங் வழியாத்தான் தங்கணும்னு ரூல் வெச்சிருக்காங்க, ஸ்டே டு ப்ளேன்னு பேரு. ஹூஸ்டன்ல சித்தப்பா வீடு இருந்தாலும் ரூம் எடுத்தே ஆகணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணி நேரம் வண்டி ஓட்டிப் போய், காலைல 7:20 கேமுக்கு ஹாட்பேக்ல இட்லியோட மடக்கு சேர்ல உக்காந்து பாத்தா பையன் மொத்தமா பதினஞ்சு நிமிஷம் விளையாடியிருப்பான். தமாஷுக்கு சொல்லல, அனுபவிச்சிருக்கேன்.

இப்ப ஸ்காலர்ஷிப்புக்கு வருவோம். ஹைஸ்கூல்ல சாக்கர் ஆடற பசங்கள்ல டிவிஷன் 1, அதாவது காலேஜ் விளையாட்டுல மேல் மட்ட டீமுக்குப் போறவங்க நூத்துக்கு ஒண்ணு ரெண்டு பேர்தான். ரொம்ப வருஷமா ஆண்கள் டீமுக்கு மொத்தமே 9.9 ஸ்காலர்ஷிப்தான் குடுக்கலாம், அதை இருபத்தஞ்சு முப்பது பேருக்குப் பிச்சுக் குடுத்தாங்க. 2025-ல காலேஜ் விளையாட்டு வீரர்களுக்குப் பணம் குடுக்கறது பத்தின கேஸ்ல வந்த கோர்ட் செட்டில்மென்ட்டுக்கு அப்புறம், அதுல சேர்ந்த காலேஜ்கள்ல அந்த லிமிட் போய் டீமுக்கு 28 பேர்னு ஆயிடுச்சு, எல்லாருக்கும் முழுசா குடுக்கலாம், ஆனா குடுத்தே ஆகணும்னு இல்லயே, பெரிய காலேஜ்கள்ல காசு அமெரிக்கன் ஃபுட்பாலுக்கும் பாஸ்கெட்பாலுக்கும்தான் முதல்ல போகும். கீழ் மட்டமான டிவிஷன் 3-லயும், ஹார்வர்ட் மாதிரி ஐவி லீக் காலேஜ்கள்லயும் விளையாட்டுக்குன்னு ஸ்காலர்ஷிப்பே கிடையாது. அதைவிட முக்கியம், உங்க மாநிலத்துலயே இருக்கற யூடி ஆஸ்டின், டெக்சாஸ் ஏ அண்ட் எம் ரெண்டுலயும் ஆண்களுக்கு வர்சிட்டி, அதாவது காலேஜோட அதிகாரபூர்வ சாக்கர் டீமே இல்ல, பொண்ணுங்களுக்கு மட்டும்தான். டல்லாஸ் பக்கம்னா எஸ்எம்யூ (சதர்ன் மெதடிஸ்ட் யூனிவர்சிட்டி) இருக்கு, அங்க இடத்துக்கு உலகம் பூரா இருந்து பசங்க வருவாங்க.

இன்னொரு பக்கமும் பாருங்க. அமெரிக்காவோட தொழில்முறை லீக்கான எம்எல்எஸ் கிளப்களோட டாப் அகாடமி டீம்கள்ல பெரும்பாலும் ஃபீஸே கிடையாது. அமெரிக்க டீம்ல ஆடின வெஸ்டன் மெக்கென்னி எஃப்சி டல்லாஸ் அகாடமில இருந்து காலேஜுக்கே போகாம நேரா ஜெர்மனி ஷால்கே கிளப்புக்குப் போனவர். ஒரு பையன் மேல நிஜமாவே நம்பிக்கை இருந்தா கிளப் அவனுக்கு செலவு பண்ணும். உங்ககிட்ட 9,000 கேக்கறாங்கன்னா நீங்க கஸ்டமர், அதுல தப்பே இல்ல, பாட்டு கிளாஸுக்கும் கஸ்டமராத்தானே போறோம். ஆனா கஸ்டமர் குடுக்கற காசை முதலீடுன்னு சொல்லக்கூடாது.

அதனால 529-ல கை வெக்காதீங்க. மாசம் 400, எட்டு வருஷம், 6 பர்சன்ட் வளர்ந்தாலே சுமார் 49,000 ஆகும். கிளப் ஃபீஸுக்கு அதுல இருந்து எடுத்தா லாபத்துக்கு வருமான வரியும் கட்டி மேல 10 பர்சன்ட் அபராதமும் கட்டணும். ஒருவேளை வீட்டுக்காரர் சொன்ன மாதிரியே ஸ்காலர்ஷிப் கிடைச்சா அந்தத் தொகை அளவுக்கு எடுக்கறதுக்கு அபராதம் கிடையாது, அவர் ஜெயிச்சாலும் உங்களுக்கு நஷ்டம் இல்ல.

சாக்கர் வேண்டாம்னு நான் சொல்லல. மாச செலவெல்லாம் போக, ஊருக்கு அனுப்பறது போக, கையில 425 நிக்குதுன்னா சேருங்க, பிரைவேட் ட்ரெயினிங்கை விட்டுடுங்க, பத்து வயசுப் பையனுக்கு வீட்டுக்குப் பின்னாடி செவுத்துல பந்தை உதைச்சா போதும். டோர்னமென்ட்டும் நாலுல ரெண்டு போதும்னு கேட்டுப் பாருங்க. சம்மர்ல டே கேம்ப் போறான்னா வேலை செய்யற இடத்துல சம்பளத்துல வரிக்கு முன்னாடி பிடிக்கற டிபென்டன்ட் கேர் எஃப்எஸ்ஏ கணக்குல போட்டு வரி மிச்சம் பண்ணலாம், 13 வயசு வரைக்கும், 2026-ல இருந்து வீட்டுக்கு 7,500 வரை, ஆனா ராத்திரி தங்கற கேம்ப் செல்லாது.

கையெழுத்து போடறதுக்கு முன்னாடி ஒப்பந்தத்தைப் படிங்க. என் பொண்ணுக்கு ஜூன்ல டெபாசிட் கட்டினோம், ஆகஸ்ட்ல கோச் வேற கிளப்புக்குப் போயிட்டார், பாதி டீம் அவர் பின்னாடியே போச்சு, நாங்க மட்டும் மிச்ச ஒன்பது தவணையையும் கட்டினோம், ஏன்னா பேப்பர்ல அப்படித்தான் இருந்துச்சு. ஊருக்கெல்லாம் படிச்சுட்டு கையெழுத்து போடுங்கன்னு சொல்ற ஆள் நான்.

உங்க கேஸ்ல இன்னும் ஒண்ணு இருக்கு. 2026-27 சீசன்ல இருந்து பெரும்பாலான யூத் லீக்ல வயசு குரூப் ஜனவரி-டிசம்பர் பிறந்த வருஷக் கணக்குல இருந்து ஆகஸ்ட் 1 முதல் ஜூலை 31 கணக்குக்கு மாறுது. அக்டோபர் பையன் இனிமே குரூப்லயே பெரியவங்கள்ல ஒருத்தனா இருப்பான், அவனுக்கு நல்லதுதான், ஆனா டீமெல்லாம் கலைச்சு அடுக்குவாங்க. நீங்க பேசற இடம் எந்த வயசு குரூப்ல, கோச் மாறினா, அடிபட்டா பணம் திரும்புமா, இதை மேனேஜர்கிட்ட ஈமெயில்ல கேளுங்க. வாயால சொல்றதை நம்பாதீங்க, பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்க.