பட்டாளத்து அப்பாவும் பாலிக்ளினிக் வரிசையும்

(வாசகர் கடிதம்)

அண்ணா வணக்கம்,

எனக்கு ஆரணி பக்கத்துல ஒரு கிராமம். எங்கப்பா மிலிட்டரில 24 வருஷம் சர்வீஸ், ஆர்ட்டிலரி (பீரங்கிப் படை). 1998-ல ஹவில்தாரா பென்ஷன் வந்தாரு. சுகர், பிபி ரெண்டும் இருக்கு, வலது காது சுத்தமா கேக்காது. மாசாமாசம் விடிகாலை முதல் பஸ்ஸுக்கே கிளம்பி, முன்னாள் ராணுவத்தினருக்கான இசிஎச்எஸ் மருத்துவத் திட்டத்தோட பாலிக்ளினிக் போவாரு, டோக்கன் போட்டு டாக்டர பாத்துட்டு மருந்து வாங்கற எடத்துக்கு வந்தா பாதி மருந்துக்கு என்ஏ, அதாவது இல்லன்னு, போட்டு குடுத்துடறாங்க, வெளில வாங்கி பில் வைக்கணும். போன வருஷம் கால்ல புண்ணு வந்து சீழ் பிடிச்சிடுச்சு. பாலிக்ளினிக்ல ரெஃபரல் சீட்டு வாங்கிட்டு இசிஎச்எஸ் லிஸ்ட்ல இருக்கற பிரைவேட் ஆஸ்பத்திரிக்கு போனா, எங்களுக்கு பழைய பில்லே வரல, இப்ப இசிஎச்எஸ் பேஷன்ட் எடுக்கறதில்லன்னு சொல்லிட்டாங்க. பணம் கட்டுனா உடனே அட்மிஷன்னாங்க. என் வளையல அடகு வச்சு தான் கட்டினோம்.

கம்ப்ளைன்ட் எழுதலாம்னா அப்பா விட மாட்டேங்கறாரு. நம்மள விட கஷ்டப்படறவன் எவ்வளவோ பேரு இருக்கான், வாய மூடுங்கறாரு. சொந்தக்காரங்களோ பென்ஷன் வருது, கேன்டீன் சரக்கு வருது, இதுக்கு மேல கவர்மென்ட் என்ன பண்ணணும்னு கேக்கறாங்க. நாங்க எதிர்பாக்கறது தப்பா அண்ணா? கம்ப்ளைன்ட் குடுத்தா ஏதாவது நடக்குமா, இல்ல அப்பாவுக்கு தான் அவமானமா?

ஒரு ஹவில்தாரின் மகள்

*

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீங்க எழுதியிருந்த பாலிக்ளினிக் ஊரையும் ஆஸ்பத்திரி பேரையும் எடுத்துட்டு தான் கடிதத்த போட்டிருக்கேன். அப்பா நாளைக்கும் அதே வரிசைல போய் நிக்கணும், அவருக்கு ஒரு தொந்தரவும் வரக்கூடாது.

எதிர்பாக்கறது தப்பே இல்ல. இத உங்க சொந்தக்காரங்க கிட்ட தைரியமா சொல்லுங்க, ஏன்னா இசிஎச்எஸ் யாரும் சும்மா குடுக்கற சலுகை கிடையாது, காசு கட்டி சேர்ந்த திட்டம். 2003 ஏப்ரல் 1-ல ஆரம்பிச்சாங்க, அதுக்கு முன்னாடி ரிட்டையர் ஆன ஜவானுக்கு உடம்பு சரியில்லன்னா மிலிட்டரி ஆஸ்பத்திரிதான் கதி, உங்க ஊர்ல இருந்து ஒருத்தர் பரங்கிமலைக்கு வரணும், வந்தாலும் சர்வீஸ்ல இருக்கறவங்களுக்கு போக மிச்சம் தான் இவங்களுக்கு. அந்த கஷ்டத்துக்கு தான் இந்த திட்டமே வந்துச்சு. 1996-க்கு முன்னாடி ரிட்டையர் ஆனவங்களுக்கு சந்தா கிடையாது, உங்கப்பா மாதிரி அதுக்கப்புறம் வந்தவங்க கட்டித் தான் சேர்ந்தாங்க. இப்ப வர்றவங்களுக்கு சிப்பாய்ல இருந்து ஹவில்தார் வரைக்கும் 30,000 ரூபா, சுபேதார் மாதிரி ஜேசிஓன்னா 67,000, ஆபீசர்னா 1,20,000. வேணாம்னு சொல்லவும் முடியாது, திட்டம் வந்ததுக்கு அப்புறம் பென்ஷன் வர்றவங்களுக்கு இது கட்டாயம். காசையும் கட்டாயமா வாங்கிட்டு, வயசான காலத்துல கால் புண்ணோட வாசல்ல நிக்க வச்சு திருப்பி அனுப்பினா அதுக்கு பேரு வாக்கு தவறறது தான், வேற ஒண்ணும் இல்ல.

எங்க பெரியப்பாவும் பட்டாளம் தான், அவருக்கு துணையா நானும் பாலிக்ளினிக் போயிருக்கேன், அதனால நீங்க எழுதினத படிச்சப்ப எனக்கு அந்த ஹால் அப்படியே கண்ணுக்கு தெரிஞ்சுது. எல்லார் கைலயும் ஒரு பிளாஸ்டிக் கவர், உள்ள கார்டு, டிஸ்சார்ஜ் புக் ஜெராக்ஸ், பிபிஓங்கற பென்ஷன் ஆர்டர் ஜெராக்ஸ், பழைய சீட்டு, எல்லாத்தையும் கிளிப் போட்டு தேதி வாரியா அடுக்கி வச்சிருப்பாங்க, பட்டாளத்துல பழகின ஒழுங்கு. பெரியப்பாவுக்கு முன்னாடி ஒரு அம்மா நின்னுட்டு இருந்தாங்க, ஜவான் ஒருத்தரோட விதவை, இன்சுலின் வாங்கிட்டு போக வீட்ல இருந்து சின்ன ஃப்ளாஸ்க்ல ஐஸ் போட்டு எடுத்துட்டு வந்திருந்தாங்க. ஜன்னல்ல இருந்த தம்பி சீட்ட பாத்துட்டு இன்சுலின் என்ஏ, அடுத்த வாரம் வந்து பாருங்கம்மான்னான். அந்த அம்மா சரிப்பான்னு சொல்லிட்டு ஃப்ளாஸ்க்க மூடி பைல வச்சுட்டு போயிட்டாங்க. வெளில வாங்கி பில் வைங்கன்னு ரூல்ல இருக்கு தான், ஆனா மொதல்ல கைல இருந்து போட காசு வேணுமே, அந்த காசு எப்ப திரும்பி வரும்னு யாராவது சொல்லணுமே. அந்த தம்பி மேலயும் எனக்கு கோவம் வரல, அவனே வருஷத்துக்கு ஒரு தடவ புதுப்பிக்கற கான்ட்ராக்ட்ல இருக்கறவன், பல பாலிக்ளினிக்ல டாக்டரோட நிலைமையும் அதே தான். நல்ல டாக்டர் வந்தா நிக்க மாட்டாங்க, வேற நல்ல வேலை கிடைச்சதும் போயிடறாங்க.

மருந்து இல்லாததும் பில் லேட்டாகறதும் நேத்து வந்த பிரச்சினை இல்ல. 2015-லயே அரசாங்க கணக்க தணிக்கை பண்ற சிஏஜி இந்த ஒரு திட்டத்த மட்டும் எடுத்து தனியா ஆடிட் ரிப்போர்ட் போட்டாங்க, மருந்து சப்ளைல இருக்கற ஓட்டையெல்லாம் அதுல வந்துச்சு. பார்லிமென்ட்ல பாதுகாப்புத்துறை நிலைக்குழுவும் இசிஎச்எஸ்-க்கு பணம் பத்தலன்னு திரும்பத் திரும்ப சொல்லிட்டு தான் இருக்கு.

ஆஸ்பத்திரிக்காரங்க ஏன் அப்படி சொல்றாங்கன்னும் புரிஞ்சுக்கணும். லிஸ்ட்ல இருக்கற பிரைவேட் ஆஸ்பத்திரி பேஷன்ட் கிட்ட காசு வாங்காம பாக்கணும், அப்புறம் பில்ல ஆன்லைன்ல ஏத்தணும், அதுல ஆயிரம் கேள்வி வரும், சில தொகைய வெட்டுவாங்க, மிச்சம் பட்ஜெட்ல பணம் இருந்தா வரும். ரேட்டும் மத்திய அரசு ஊழியர்களுக்கான சிஜிஎச்எஸ் திட்டத்தோட ரேட், அதுல பெரும்பாலானத 2014-ல போட்டாங்க, அதுக்கப்புறம் 2025 அக்டோபர்ல தான் பெரிய அளவுல மாத்தினாங்க. இடைல பத்து வருஷத்துக்கு மேல ஆஸ்பத்திரி செலவு எங்க போச்சுன்னு நமக்கே தெரியும். அப்ப ஆஸ்பத்திரி என்ன பண்ணுது, லிஸ்ட்ல பேரு இருக்கும், போனா பெட் இல்லம்பாங்க, இல்ல உங்க கிட்ட சொன்ன மாதிரி நேராவே சொல்லிடுவாங்க. அவங்க நஷ்டம் உண்மையாவே இருக்கலாம், ஆனா அது அவங்களுக்கும் டிபார்ட்மென்ட்டுக்கும் நடுவுல உள்ள கணக்கு. எடுக்க முடியலன்னா லிஸ்ட்ல இருந்து எழுதிக் குடுத்துட்டு விலகணும். லிஸ்ட்லயும் இருந்துக்கிட்டு, கைல ரெஃபரலோட வந்தவர் கிட்ட பணம் கட்டச் சொன்னது அவங்க போட்ட ஒப்பந்தத்துக்கே விரோதம். உங்க கம்ப்ளைன்ட்டோட முதல் பாயின்ட் இது தான்.

இனி அப்பாவோட காது. நீங்க ஒரே வரில எழுதிட்டு போயிட்டீங்க, எனக்கு கடிதத்துலயே பெரிய விஷயமா பட்டது அது தான். 24 வருஷம் பீரங்கி பக்கத்துல நின்ன மனுஷனுக்கு காது போறது வயசாகி வர்ற நோய் மட்டும்னு எப்படி சொல்ல முடியும்? சர்வீஸ்ல இருந்தப்பவே கேக்காம போக ஆரம்பிச்சிருக்கும், அவரு யார் கிட்டயும் சொல்லியிருக்க மாட்டாரு. பட்டாளத்துல பாதி பேரு சொல்ல மாட்டாங்க, ஏன்னா சொன்னா உடல்தகுதி கம்மின்னு லோ மெடிக்கல் கேட்டகரில போட்டுடுவாங்க, ப்ரமோஷன் தள்ளிப்போகும், நல்ல போஸ்டிங் கிடைக்காது, கூட இருக்கறவனும் டியூட்டிக்கு டபாய்க்கறான்னு நினைப்பான். வலிய பொறுத்துக்கறவன் தான் நல்ல சோல்ஜர்னு 18, 19 வயசுலயே மனசுல ஏத்திடறாங்க. கடைசில ரிட்டையர் ஆகும்போது பண்ற பரிசோதனை, ரிலீஸ் மெடிக்கல் போர்டு, வரும்போது வீட்டுக்கு போனா போதும்னு எல்லாம் நல்லா இருக்குன்னு கையெழுத்து போட்டுட்டு வந்துடுவாங்க. இருபது வருஷம் கழிச்சு ஊனத்துக்கு பென்ஷன் கேட்டா, அப்பவே ஏன் சொல்லல, பேப்பர் எங்கன்னு கேக்கறாங்க. சொல்லக்கூடாதுன்னு பழக்கினதும் அவங்க தான், சொல்லலையேன்னு மறுக்கறதும் அவங்க தான். இது எனக்கு ரொம்ப வலிக்கற அநியாயம்.

சொன்னவங்களுக்கு மட்டும் ஈஸியா கிடைச்சிடுச்சான்னா அதுவும் இல்ல. ராணுவத்தோட தகவல் தொடர்பு பிரிவான சிக்னல்ஸ்ல இருந்த தரம்வீர் சிங்குன்னு ஒரு சிப்பாய், கிட்டத்தட்ட 9 வருஷம் சர்வீஸ், வலிப்பு வந்துச்சுன்னு 1994-ல வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, ஊனம் 20 சதவீதம், ஆனா அது சர்வீஸால வந்தது இல்லன்னு பென்ஷன் கிடையாதுன்னுட்டாங்க. அவரு சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போக வேண்டியதாச்சு. 2013-ல தீர்ப்பு வந்துச்சு: ஒருத்தர சேர்க்கும்போது நல்லா பரிசோதிச்சு, இந்த நோய் இருக்குன்னு எதுவும் எழுதாம சேர்த்துட்டு, அப்புறம் நோய் வந்தா அது சர்வீஸால வந்ததுன்னு தான் எடுத்துக்கணும், இல்லன்னு நிரூபிக்க வேண்டியது டிபார்ட்மென்ட் வேலை, சிப்பாயோட வேலை இல்ல. இவ்வளவு தெளிவா சொன்ன பிறகும் ராணுவத்தினர் வழக்க விசாரிக்கற ஆர்ம்டு ஃபோர்சஸ் டிரிப்யூனல்ல ஜெயிச்ச ஜவான்கள் மேல அரசாங்கம் அப்பீல் போட்டுட்டு தான் இருந்துச்சு. மனோகர் பாரிக்கர் பாதுகாப்பு மந்திரியா இருந்தப்ப 2015-ல ஒரு நிபுணர் குழு போட்டாங்க, அவங்க இந்த மாதிரி அப்பீல கொறைங்கன்னு சொன்னாங்க. ஆனா 2023-ல வந்த புது ரூல்ஸ் பிபி, சுகர் மாதிரி நோய்க்கெல்லாம் முன்ன விட இறுக்கமா இருக்குன்னு ரிட்டையர் ஆனவங்க சொல்றாங்க, எனக்கும் அது சரியா தான் படுது. நாட்டுக்காக ஒடம்ப குடுத்தவன் கூடவே நாடு கோர்ட்ல சண்டை போடறத என்னால ஏத்துக்க முடியல.

உங்கப்பா கேஸ்ல செய்யக்கூடியது இருக்கு. ரிலீஸ் மெடிக்கல் போர்டு பேப்பர்ல காத பத்தி ஒரு வரியாவது இருக்கான்னு பாக்கணும். வீட்ல காப்பி இல்லன்னா ஆர்ட்டிலரி ரெக்கார்ட்ஸ் நாசிக் ரோடு கேம்ப்ல இருக்கு, அப்பாவோட ஆர்மி நம்பர் போட்டு கேட்டு எழுதுங்க, பதில் வரலன்னா ஆர்டிஐ போடுங்க. அதுல எழுதியிருந்தா இத்தனை வருஷம் ஆயிடுச்சேன்னு கவலைப்படாதீங்க, பென்ஷன் மாசாமாசம் வர வேண்டிய உரிமைங்கறதால லேட்டா கேட்டாலும் கேக்கலாம்னு 2008-லயே தர்செம் சிங் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கு, பழைய பாக்கி மட்டும் சாதாரணமா மூணு வருஷத்துக்கு மேல குடுக்க மாட்டாங்க. அந்த பேப்பர்ல ஒண்ணுமே இல்லன்னா பென்ஷன் கிடைக்கறது ரொம்ப கஷ்டம், அத மறைக்காம சொல்லிடறேன். ஆனா காது மெஷினுக்கு எந்த போர்டு பேப்பரும் வேணாம், பாலிக்ளினிக்ல ஈஎன்டி ரெஃபரல் கேளுங்க, அது திட்டத்துலயே இருக்கு.

கம்ப்ளைன்ட் குடுத்தா நடக்குமான்னு கேட்டீங்க. 2025-ல நடந்தத பாருங்க. நேஷனல் டிஃபென்ஸ் அகாடமி, நம்ம சென்னைல இருக்கற ஆபீசர்ஸ் டிரெய்னிங் அகாடமி மாதிரி எடங்கள்ல ட்ரெய்னிங்லயே அடிபட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்ட கேடட்ஸ், அதுல முதுகுத்தண்டு போய் படுக்கைல கிடக்கறவங்களும் உண்டு, இவங்க கமிஷன் ஆகி ஆபீசர் ஆகறதுக்கு முன்னாடியே அடிபட்டதால எக்ஸ் சர்வீஸ்மேனே கிடையாதுன்னு வருஷக்கணக்கா இசிஎச்எஸ் இல்லாம கிடந்தாங்க, பெத்தவங்க தான் பாத்துக்கிட்டாங்க. அந்த குடும்பங்க பேச ஆரம்பிச்சு, பத்திரிகைல வந்து, 2025 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் தானாவே கேஸ எடுத்துச்சு, அதே மாசம் இவங்களையும் இசிஎச்எஸ்-ல சேர்த்துக்கறோம்னு பாதுகாப்பு அமைச்சகம் சொல்லிடுச்சு. எத்தனையோ வருஷம் முடியாதுன்னு இருந்தது அது.

இன்னொரு கவலையும் எனக்கு இருக்கு. உங்க பக்கம், வேலூர் கம்மவான்பேட்டை பக்கம் எல்லாம் வீட்டுக்கு ஒருத்தராவது பட்டாளத்துக்கு போற ஊருங்க. 2022 ஜூன்ல நாலு வருஷத்துக்கு ஆள் எடுக்கற அக்னிபத் திட்டம் வந்ததுக்கு அப்புறம் சேர்ற பசங்க நாலு வருஷத்துல 4-ல 3 பேரு வெளில வரணும், அவங்களுக்கு பென்ஷனும் கிடையாது, இசிஎச்எஸ்-சும் கிடையாது, எக்ஸ் சர்வீஸ்மேன் அந்தஸ்தும் கிடையாது. சர்வீஸ்ல ஊனமானா ஒரே தவணைல பணம் உண்டு, ஆனா முட்டி வலியோ, காது கேக்காம போறதோ, ராத்திரி தூக்கம் வராம தவிக்கறதோ வெளில வந்து அஞ்சு வருஷம் கழிச்சு தெரிஞ்சா அந்த பையன் எந்த கதவ தட்டுவான்? உங்கப்பாவுக்கு மோசமா நடக்கற ஒரு பாலிக்ளினிக்காவது இருக்கு.

அப்பா கையெழுத்து போட மாட்டேன்னா கட்டாயப்படுத்தாதீங்க, அவரோட சுயமரியாதை அது. நீங்க மகளா எழுதலாம், தப்பில்ல. ரெஃபரல் சீட்டு, ஆஸ்பத்திரி பில், கட்டின ரசீது, எந்த தேதில யாரு என்ன சொன்னாங்கங்கறது, எல்லாத்தையும் வச்சு பாலிக்ளினிக் பொறுப்பு அதிகாரி ஓஐசிக்கு ஒண்ணு, இசிஎச்எஸ் ரீஜனல் சென்டருக்கு ஒண்ணு அனுப்பிட்டு, சென்ட்ரல் கவர்மென்ட்டோட சிபிகிராம்ஸ் புகார் சைட்லயும் போடுங்க. கட்டின பணத்த திருப்பிக் கேட்டு க்ளெய்மும் தனியா வைங்க, இதுக்கு மேல தள்ளிப்போடாதீங்க. இங்கிலீஷ்ல எழுத தயக்கமா இருந்தா தமிழ்ல எழுதி எனக்கு அனுப்புங்க, நான் மாத்தி தர்றேன், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துலயும் உதவி கேட்டு பாருங்க. அப்புறம் அந்த கால் புண்ணு முழுசா ஆறிடுச்சான்னு நீங்க எழுதவே இல்ல. சுகர் இருக்கறவருக்கு ஆறாம இருந்தா பாலிக்ளினிக் டோக்கனுக்கு காத்திருக்காம பக்கத்துல இருக்கற கவர்மென்ட் ஆஸ்பத்திரிலயாவது இந்த வாரமே காட்டிடுங்க, கம்ப்ளைன்ட் நம்பர் வந்ததும் எனக்கு ஒரு வரி போடுங்க.

அன்புடன்,
அண்ணன்