எக்சோசோம் ஊசி – கடிதம்

அன்புள்ள ஐயா,

மருந்தைச் சுமந்து செல்லும் நுண்ணிய கொழுப்புக் குமிழிகளான லிப்போசோம்கள் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். என் அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். தஞ்சாவூரில் கீமோ நடக்கிறது. செல்லிலிருந்து எடுத்த எக்சோசோம் என்ற நுண்பையை லிப்போசோம் போன்ற செயற்கைத் துகளோடு இணைத்த ஊசி வந்துவிட்டது, பக்கவிளைவே இல்லை என்கிறார் தெரிந்தவர் ஒருவர். சம்பா அறுவடைப் பணத்தைக் கட்டிவிடலாம் என்கிறார் அண்ணன். கட்டலாமா?

கலைச்செல்வி, மன்னார்குடி

அன்புள்ள கலைச்செல்வி,

கட்டாதீர்கள். அண்ணனிடம் இன்றே சொல்லிவிடுங்கள். எக்சோசோம் ஊசி எதற்கும் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அனுமதி தரவில்லை. 2019இல் பொதுமக்களை எச்சரிக்கவும் செய்தது. நீங்கள் சொல்லும் கலப்பு வடிவம் அதற்கும் பின்னால், ஆய்வுக்கூடத்தில் நிற்கிறது.

ஆனால் அந்த ஆய்வு பொய்யில்லை. எனக்கு அதில் பெரும் நம்பிக்கை உண்டு. 30 முதல் 150 நானோமீட்டர் அளவுள்ள எக்சோசோம்களைச் செல்கள் தாமே வெளியிடுகின்றன. 1983இல் முதிராத சிவப்பணுக்களில் இவற்றைக் கண்டபோது செல் கழித்துவிடும் குப்பை என்றே நினைத்தார்கள். பிறகுதான் இவை செல்லுக்குச் செல் செய்தி கொண்டுபோவது தெரிந்தது. இவற்றின் மேலுள்ள சிடி47 என்ற புரதம், அந்நியப் பொருளை விழுங்கும் நோயெதிர்ப்பு அணுக்களை விலக்கி வைக்கிறது. குறை என்னவென்றால், கிடைப்பது சொற்பம். மருந்தை உள்ளே ஏற்றுவதும் கடினம்.

லிப்போசோமில் நிறைய ஏற்றலாம். கீமோவில் சிவப்பாக இறங்கும் டாக்சோரூபிசினை இப்படி அடைத்த மருந்துக்கு அமெரிக்காவில் 1995இலேயே அனுமதி கிடைத்தது. இதயத்துக்கு வரும் கேடு அதில் குறைவு. ஆனாலும் கல்லீரலும் மண்ணீரலும் ஒரு பங்கை விழுங்கிவிடுகின்றன.

எக்சோசோமையும் லிப்போசோமையும் கலந்து திரவ நைட்ரஜனில் உறையவைத்து உருக்குகிறார்கள். இதைப் பலமுறை செய்யும்போது சவ்வுகள் உடைந்து ஒன்றோடொன்று இணைகின்றன. இணைந்தபின் சிடி47 போன்ற புரதங்கள் வெளிப்பக்கம் பார்த்தபடியே இருக்குமா, ஒவ்வொரு தொகுதியும் ஒரேமாதிரி அமையுமா என்பதில்தான் சிக்கல். புற்றுநோய்ச் செல்லிலிருந்து எடுத்த எக்சோசோம், கட்டியைத் தேடிப் போகலாம். நோயை வளர்க்கும் செய்தியையும் கூடவே கொண்டுபோகலாம். இதைத் தீர்க்காமல் யாருக்கும் ஏற்றக்கூடாது.

ஊசி விற்பவரிடம் மருந்துப் பரிசோதனைகளுக்கான இந்தியப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யின் பதிவு எண் கேளுங்கள். இந்தியாவில் முறையாக நடக்கும் மருந்துப் பரிசோதனைக்கு அது இருந்தாக வேண்டும். பரிசோதனையில் இருக்கும் மருந்துக்கு நோயாளியிடம் விலை கேட்கிறார்கள் என்றால் அங்கேயே எழுந்துவிடுங்கள்.

லிப்போசோம் வடிவம் அம்மாவுக்குப் பொருந்துமா என்று அவருடைய மருத்துவரிடமே கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் எவ்வளவு கிடைக்கும் என்றும் விசாரியுங்கள். அறுவடைப் பணம் அம்மாவின் சாப்பாட்டுக்கும் தஞ்சாவூர் போய்வரும் செலவுக்கும் வேண்டியிருக்கும். இந்தப் பேச்சுக்காகக் கீமோ தேதி ஒன்றையும் தள்ளிப்போடாதீர்கள்.