பதினாறாம் உறுப்புரை (கடிதமும் பதிலும்)

அன்புள்ள அக்கா,

மாகாண சபைகளைக் கொண்டுவந்த 13-ஆம் திருத்தம் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். ஒரு கேள்வி. பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மை இருந்தால் அரசியல் யாப்பில் எதையும் மாற்றலாம் என்றால், அடிப்படை உரிமைகள் என்று ஓர் அத்தியாயம் இருந்து என்ன பயன்? எங்கள் ஊர் சாவகச்சேரி. 2008-இல் அப்பாவைக் கொழும்பில் பிடித்து, பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் 14 மாதம் வைத்திருந்துவிட்டு, வழக்கே போடாமல் விட்டார்கள். அம்மா எங்கெல்லாமோ அலைந்து கடைசியில் ஒரு சட்டத்தரணியிடம் போனபோது, உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான் தவணை, அது கடந்துவிட்டது என்றார். அதனால்தான் சொல்கிறேன், தனிமனித உரிமை எல்லாம் கொழும்பில் வசதியானவர்கள் வாழும் கறுவாத்தோட்டத்து ஆட்களின் கதை. முதலில் இனத்தின் உரிமை வரட்டும். மற்றது தானாக வரும். பெயர் போட வேண்டாம், அரச அலுவலகத்தில் வேலை.

அன்புள்ள தம்பி,

மூன்று நாளாக உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். இதே விஷயத்தை நானும் கொஞ்ச நாளாக மனதில் போட்டு உழப்பிக்கொண்டிருந்தேன்.

கேள்விக்குச் சுருக்கமான பதில்: பெரும்பாலும் மாற்றலாம். மனச்சாட்சிச் சுதந்திரத்தைச் சொல்லும் 10-ஆம் உறுப்புரையையும் சித்திரவதையைத் தடுக்கும் 11-ஐயும் தொடுவதென்றால் சர்வசன வாக்கெடுப்பும் வேண்டும் என்று 83-ஆம் உறுப்புரை சொல்கிறது. சமத்துவத்தின் 12, கைதைப் பற்றிய 13, பேச்சுக்கும் கூட்டத்துக்குமான 14 அந்தப் பட்டியலில் இல்லை. சுதந்திரத்தோடு வந்த சோல்பரி யாப்பின் 29-ஆம் பிரிவு எங்களைக் காக்கும் என்று நம்பியிருந்தார்கள், 1972-இல் வந்த புதிய யாப்பில் அந்தப் பிரிவே இல்லாமல் போனது. 18, 19, 20, 21-ஆம் திருத்தங்கள் என்று ஜனாதிபதியின் அதிகாரம் ஏறி இறங்கிய கதையை இங்கே விடுகிறேன், அதை எழுத ஆட்கள் நிறைய உண்டு.

எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. 'கறுவாத்தோட்டத்து ஆட்களின் கதை' என்று எழுதினீர்களே, அந்த வரியை எழுதும்போது அம்மாவை நினைத்தீர்களா? அப்பாவைப் பிடித்தது தமிழர் என்பதால்தான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் 14 மாதம் சீமெந்துத் தரையில் படுத்தது உங்கள் அப்பா. மனு எழுதியிருந்தால் அதில் இனத்தின் பெயரையா எழுதுவீர்கள்? அவருடைய பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும்தானே எழுத வேண்டும். அந்த ஒரு மாதத் தவணை 126-ஆம் உறுப்புரையில் இருக்கிறது. அதற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்திருந்தால், அங்கே விசாரணை நடக்கும் நாட்கள் கணக்கில் சேராது என்று ஆணைக்குழுவின் 1996-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. இதை அன்று அம்மாவுக்கு யாரும் சொல்லவில்லை. நினைக்க நெஞ்சு வலிக்கிறது. கறுவாத்தோட்டத்துக்குத் தெரிந்தது அம்மாவுக்குத் தெரியாமல் போனதற்காக, உரிமையையே அவர்களிடம் விட்டுவிட்டு வந்துவிடுவீர்களா?

'மற்றது தானாக வரும்' என்பதை நான் முப்பது வருடமாகக் கேட்கிறேன். இதற்கு என்னிடம் இருக்கும் பதில் என் பெரியம்மா.

பெரியம்மா வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. கொக்குவிலில் ஐந்து பரப்புக் காணி அவருடைய சீதனம், தாய் தகப்பன் அவர் பெயருக்கே உறுதி முடித்துக் கொடுத்தது. பெரியப்பா 1985-இல் வீட்டை விட்டுப் போய், கொட்டாஞ்சேனையில் வேறு குடும்பத்தோடு இருந்தார். விவாகரத்து என்ற சொல்லைப் பெரியம்மா வாயில் எடுக்கமாட்டார். 2003-இல், போர்நிறுத்தத்தில் யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்து காணிக்கு விலை வந்த நேரம், கண் சத்திரசிகிச்சைக்காக இரண்டு பரப்பை விற்கப் பார்த்தார். உறுதி எழுதும் நொத்தாரிசு பழைய உறுதியை வாசித்துவிட்டுக் கேட்டார்: "ஐயா எப்ப வாறார், கையெழுத்து வைக்க?"

காரணம் தேசவழமை, யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம். ஒல்லாந்தர் 1707-இல் எழுதி எடுத்தது. அதன்மேல் யாழ்ப்பாணத்தாரின் திருமண, வாரிசு உரிமை பற்றி 1911-இல் வந்த கட்டளைச் சட்டம், மனைவி தன் சொந்தக் காணியை விற்கவோ நன்கொடையாகக் கொடுக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என்கிறது. கணவன் தன் முதுசத்தை, அதாவது பரம்பரைச் சொத்தை, விற்க மனைவியிடம் கேட்கத் தேவையில்லை. பொதுச் சட்டத்தின் கீழ் வரும் பெண்களுக்கு இந்தக் கட்டு 1923-இலேயே அவிழ்ந்துவிட்டது. மட்டக்களப்புத் தமிழ்ப் பெண் யாரையும் கேட்காமல் விற்கலாம், என் பெரியம்மா விற்க முடியாது.

நான் துள்ளினேன். 12-ஆம் உறுப்புரை இருக்கிறதே, இனம், மதம், மொழி, சாதி, பால் எதைக் கொண்டும் பாரபட்சம் காட்டக்கூடாது என்று எழுதியிருக்கிறதே, மனுப் போடுவோம் என்று பெரியம்மாவைக் கொழும்பு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே ஓர் இளம் சட்டத்தரணி யாப்பைத் திறந்து சில பக்கம் தள்ளி, விரல் வைத்து ஒரு வரியைக் காட்டினார். 16-ஆம் உறுப்புரை. ஏற்கெனவே இருக்கும் எழுதிய சட்டமும் எழுதாத சட்டமும், இந்த அத்தியாயத்தில் முன்னே சொன்னதற்கு முரணாக இருந்தாலும் செல்லும்.

பெரியம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு அந்த வரியை இரண்டு தரம் வாசித்தார்.

மாவட்ட நீதிமன்றத்தில் போய், கணவனின் சம்மதம் இல்லாமல் விற்க அனுமதி கேட்கும் வழி ஒன்று இருந்தது. "என்ர காணியை விக்க நான் ஏன் கோட்டில போய்க் கைகட்டி நிக்கவேணும்?" என்றார். கடைசியில் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். படலைக்கு வெளியே நின்றபடி, பதினெட்டு வருடத்துக்குப் பிறகு, அந்த மனிதரிடம் கேட்டார். அவர் அடுத்த கிழமை நொத்தாரிசிடம் வந்து கையெழுத்து வைத்தார். வந்துபோன செலவுக்கு என்று பத்தாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு போனார்.

அந்த அத்தியாயத்தை இன்னொரு தரம் வாசியுங்கள் தம்பி. 10 முதல் 14 வரை தருவதைத் தந்துவிட்டு, இந்த யாப்பு வந்த 1978-க்கு முன்பிருந்த அத்தனை சட்டத்தையும் 16 அந்த உரிமைகளுக்கு எட்டாத தூரத்தில் நிறுத்துகிறது. வீதியில் நிற்கும் ஏழைப் பெண்ணைப் பிடிக்க உதவும் 1841-ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம், ஓரின உறவைக் குற்றமாக்கும் 1883-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவை, பெரியம்மாவின் 1911 எல்லாம் அங்கேதான். 1978-க்குப் பின் வந்தவற்றுக்கு வேறு பூட்டு. சபாநாயகர் சான்றுப்படுத்திவிட்டால் எந்த நீதிமன்றமும் அந்தச் சட்டத்தைக் கேள்வி கேட்க முடியாது என்கிறது 80-ஆம் உறுப்புரையின் மூன்றாம் பந்தி. சட்டமூலம் பாராளுமன்றத்தின் ஒழுங்குப் பத்திரத்தில் வந்ததும், குறித்த சில நாட்களுக்குள் நீதிமன்றம் போனால் உண்டு. உங்கள் அப்பாவைப் பிடித்த 1979-ஆம் ஆண்டுச் சட்டம் அந்தப் பூட்டுக்குப் பின்னால் இருக்கிறது. 2022-இல் 21-ஆம் திருத்தம் வரை வந்துவிட்டோம். 16-ஐ ஒருவரும் தொடவில்லை.

தொடாததற்குக் கொழும்பு அரசாங்கங்களை மட்டும் என்னால் குற்றம் சொல்ல முடியாது. 2016-இல் புதிய யாப்புக்கு மக்களிடம் கருத்துக் கேட்ட குழுவின் முன்னால் நானும் போய் 16 பற்றி ஐந்து நிமிடம் பேசினேன். வெளியே வந்தபோது எங்களுடைய ஆள் ஒருவர், படித்த மனிதர், மறித்துக்கொண்டார். "தங்கச்சி, தேசவழமை எங்கட அடையாளம். முதல்ல வடக்குக் கிழக்கு விசயம் முடியட்டும், இதைப் பிறகு பாப்பம்." நீங்கள் எழுதிய அதே வரி. அன்றைக்குப் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன், அது பிழை. இப்போது சொல்கிறேன். சீதனம் பெண்ணின் சொத்தாகவே நிற்கும் என்கிறதே தேசவழமை, அதைக் காப்போம். முதுசம், மணவாழ்வில் தேடிய சொத்தான தேடியதேட்டம் என்ற சொற்களையும் காப்போம். விட்டுப்போன மனிதனின் படலையில் ஓர் ஆசிரியை நிற்பதை அடையாளம் என்று சொல்லாதீர்கள். மாகாணத்துக்குக் காணி அதிகாரம் கேட்கிறோம், கேட்கத்தான் வேண்டும், நானும் கேட்கிறேன். அது நாளைக்கே கிடைத்தாலும் பெரியம்மாவின் உறுதியில் அந்தக் கையெழுத்து தேவைப்பட்டிருக்கும்.

சாவகச்சேரி என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவின் பெயரில் அங்கே காணி ஏதும் இருக்கிறதா? அப்பா உள்ளே இருந்த அந்த 14 மாதத்தில், சட்டத்தரணிக்குக் காசு தேடி அதில் ஒரு துண்டை விற்க நினைத்தாரா, யாருடைய கையெழுத்து வேண்டும் என்று சொன்னார்கள் என்று இன்றிரவு அவரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.