தொண்டை ஸ்வாப்பில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வளர்ந்ததாம், ஏ.எஸ்.ஓ. 400. பையனின் இதயம் பாதிக்குமா?

கேட்டவர் தந்திருக்கும் விவரம் இதுதான்: 7 வயதுப் பையன். சளி, இருமலோடு நாலு நாளாகத் தொண்டை வலி. ஸ்வாப் ரிப்போர்ட்டில் 'ஆல்ஃபா ஹீமோலிடிக் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வளர்ந்துள்ளது'. ஏ.எஸ்.ஓ. என்ற ரத்தப் பரிசோதனையில் 400. இதற்குள் யாரோ ஒருவர் "இது இதயத்தைப் பிடிக்கிற கிருமியாச்சே" என்று வேறு சொல்லிவிட்டார்.

நான் டாக்டர் இல்லை. 17 வருடமாக மைக்ரோபயாலஜி லேபில் பிளேட் பார்க்கிற ஆள். அந்த அளவில் சொல்கிறேன்: ரிப்போர்ட்டில் 'ஆல்ஃபா' என்று இருக்கிறதல்லவா, நீங்கள் பார்க்க வேண்டியது அந்தச் சொல்லைத்தான். தொண்டையைப் பொறுத்தவரை அது பயப்படுகிற சொல் இல்லை.

ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்பது ஒரே கிருமியின் பெயர் அல்ல, பெரிய குடும்பம். தொண்டையைத் தடவிய பஞ்சுக்குச்சியை ஆட்டு ரத்தம் கலந்த அகார் (கிருமி வளர்க்கிற ஜெல்லி) பிளேட்டில் தேய்த்து, 37 டிகிரியில் ஒரு ராத்திரி வைப்போம். சின்ன லேபில் மூடிபோட்ட ஜாடிக்குள் மெழுகுவர்த்தி ஏற்றி, பிளேட்டையும் உள்ளே வைத்து மூடிவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் வர்த்தி தானாக அணையும், கிருமிக்குப் பிடித்த அளவு கார்பன் டை ஆக்சைடு உள்ளே சேர்ந்திருக்கும். காலையில் பிளேட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்க வேண்டும். குண்டூசித் தலை அளவு புள்ளியைச் சுற்றி ரத்தம் முழுக்கக் கரைந்து, அந்தப் பக்கம் நிற்கிற ஆள் தெரிகிற மாதிரி கண்ணாடியாக இருந்தால் பீட்டா. பாசி படிந்த மாதிரி பச்சையாக மங்கியிருந்தால் ஆல்ஃபா.

தொண்டை வலிக்கு நாங்கள் தேடுவது பீட்டாவில் குரூப் ஏ என்கிற வகையை. இந்த குரூப் பிரிப்பை 1933இல் வகுத்துக் கொடுத்தவர் ரெபெக்கா லான்ஸ்ஃபீல்ட் என்ற அமெரிக்க அம்மையார். பாசிட்ராசின் என்ற ஆன்டிபயாடிக் வில்லையைச் சுற்றி வளராமல் போகிறதா, பி.ஒய்.ஆர். என்ற நிறம் மாறும் டெஸ்டில் சிவக்கிறதா என்று பார்த்து அதை உறுதி செய்வோம். பச்சை வட்டம் போடுகிற விரிடன்ஸ் வகைகளோ உங்கள் வாயிலும் என் வாயிலும் குடியிருப்பவை. தொண்டையிலிருந்து எடுத்த ஸ்வாப்பில் அவை வளராவிட்டால்தான் ஆச்சரியம். என்னைக் கேட்டால், அதை 'இயல்பான கிருமிகள் மட்டும்' என்று எழுதியிருக்க வேண்டும். பெயர் போட்டு அனுப்பினால் பெற்றோர் பயப்படாமல் என்ன செய்வார்கள்?

லேபிலும் தப்பு நடக்கும், அதையும் ஒத்துக்கொள்கிறேன். சேர்ந்த புதிதில் எனக்கு கேட்டலேஸ் டெஸ்ட் கொடுத்தார்கள். கிருமியை ஸ்லைடில் வைத்து ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு விட வேண்டும். நுரைத்தால் ஸ்டஃபைலோகாக்கஸ், சும்மா கிடந்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ். எனக்கு நன்றாக நுரைத்தது, 'ஸ்டஃப்' என்று எழுதிவிட்டேன். சீனியர் அக்கா பிளேட்டைத் திருப்பிப் பார்த்து, "அகாரையும் சேர்த்துத் தோண்டியிருக்கியேப்பா" என்றார். ரத்தச் சிவப்பணுக்களிலேயே கேட்டலேஸ் உண்டு. நுரைத்தது கிருமி இல்லை, நான் தோண்டி எடுத்த ரத்தம். அன்றிலிருந்து மரக்குச்சியால் மேலாகத் தொட்டு எடுப்பதுதான் வழக்கம்.

அப்புறம் அந்த 400. குரூப் ஏ வெளியிடும் ஒரு நச்சுக்கு எதிராக உடம்பு செய்துவைக்கும் எதிர்ப்புப் பொருளின் அளவுதான் ஏ.எஸ்.ஓ. அது ஏறவே ஒரு வாரம் ஆகும், உச்சத்துக்குப் போக 3 முதல் 5 வாரம், இறங்குவதற்கு மாதக்கணக்கு. ஆக, நாலு நாள் தொண்டை வலிக்கு அது சாட்சி ஆகாது. எப்போதோ வந்துபோனதைச் சொல்கிறது, அவ்வளவுதான். ரிப்போர்ட்டில் பெரும்பாலும் அச்சடித்திருக்கும் 200 என்ற எல்லையும் பெரியவர்களுக்கானது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் கூடுதலாக இருப்பது சகஜம். இந்த ஒரு எண்ணை வைத்து, குரூப் ஏ தொண்டைப் புண்ணுக்குப் பிறகு மூட்டையும் இதயத்தையும் பிடிக்கிற ருமாட்டிக் காய்ச்சல் என்று முடிவுகட்டி, 21 நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி என்று வருடக்கணக்கில் ஓடிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். மூட்டு மாற்றி மூட்டு வீங்குவது, இதயத்தில் முணுமுணுப்புச் சத்தம், எக்கோ என்று பல அடையாளங்களைச் சேர்த்துப் பார்த்து டாக்டர் முடிவு செய்ய வேண்டிய நோய் அது.

அதற்காக அந்தப் பயத்தை வெறும் வதந்தி என்றும் தள்ள முடியாது. குரூப் ஏ தொண்டைப் புண்ணைக் கவனிக்காமல் விட்டால் சிலருக்கு இதய வால்வு கெடுவது உண்மை. ஆனால் அதன் முகம் வேறு: திடீர்க் காய்ச்சல், விழுங்க முடியாத வலி, டான்சிலில் வெள்ளைத் திட்டு, தாடைக்குக் கீழே தொட்டால் வலிக்கும் நெறி. இருமலும் மூக்கொழுகலும் பெரும்பாலும் இருக்காது. உங்கள் பையனுக்கு இருப்பது நேர்மாறு, வைரஸ் சளியின் முகம். குரூப் ஏ என்று உறுதியானால் பென்சிலினோ அமாக்ஸிசிலினோ வழக்கமாக 10 நாள், நடுவில் நிறுத்தாமல். இத்தனை வருடத்தில் அந்தக் கிருமி பென்சிலினுக்கு அடங்காமல் போனதில்லை. மெடிக்கலில் கேட்டு வாங்கும் அசித்ரோமைசினுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

பின்னூட்டத்தில் ஒருவர், "பச்சை வகை எப்போதுமே சாதுவா?" என்று கேட்டிருக்கிறார். இல்லை. எங்கிருந்து எடுத்த மாதிரி என்பதுதான் கேள்வி. ஏற்கெனவே வால்வு கெட்டவரின் ரத்தத்தில் அதே விரிடன்ஸ் வளர்ந்தால், உடனே போனை எடுத்து வார்டுக்குச் சொல்வோம். நிமோனியாவையும் மூளைக்காய்ச்சலையும் உண்டாக்கும் நிமோகாக்கஸும் பச்சை வட்டம்தான் போடும். ஆப்டோசின் வில்லை வைத்து அதைப் பிரித்தெடுப்போம். மூளைத் தண்டுவட நீரில் அது வந்தால் அன்றைக்கு டீ குடிக்கக்கூட யாரும் எழுந்து போவதில்லை.

ரிப்போர்ட்டோடு பையனையும் குழந்தைகள் டாக்டரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். வீட்டில் கவனிக்க வேண்டியது: அடுத்த சில வாரங்களில் காலையில் முகம் வீங்கியிருந்தாலோ, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனாலோ தாமதிக்காமல் கூட்டிப் போங்கள். குரூப் ஏ வந்துபோன பிறகு சிறுநீரகம் அழற்சியானால் அப்படித்தான் தெரியும். தொண்டையிலிருந்து மட்டுமல்ல, காலில் இருக்கும் சிரங்கிலிருந்தும் அது வரலாம், அதனால் கை கால்களையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.