ஃபார்மட் செய்தும் திரும்பி வரும் வேண்டாத மென்பொருள்: எப்படித் தடுப்பது?

கேள்வி: கோத்தகிரியில் வீட்டோடு சேர்ந்த இரண்டு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். அறை பதிவு, பில், மகளின் பிளஸ் டூ பாடம் எல்லாவற்றுக்கும் ஒரே லேப்டாப்தான், விண்டோஸ் 11. நாங்கள் போடாத மென்பொருள்கள் தானாக வந்து உட்கார்ந்துகொள்கின்றன. ஒரு டிரைவர் அப்டேட்டர், ஒரு பிடிஎஃப் கன்வெர்ட்டர், பிரவுசரைத் திறந்தால் பெயரே கேள்விப்படாத தேடல் பக்கம். கடையில் கொடுத்து ஃபார்மட் செய்து வாங்கினோம். ஒரே மாதத்தில் மறுபடியும் அதே கதை. ஆன்டிவைரஸ் வாங்கிப் போடச் சொல்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? (வாசகி, கோத்தகிரி)

பதில்: ஆன்டிவைரஸ் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். ஃபார்மட் செய்த பிறகும் ஒரே மாதத்தில் திரும்பி வந்தது என்கிறீர்களே, முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

லேப்டாப்பில் செட்டிங்ஸைத் திறந்து, சிஸ்டம், அதற்குள் ஆக்டிவேஷன் என்ற பகுதிக்குப் போங்கள். உங்கள் விண்டோஸுக்கு உரிமம் எப்படி வந்தது என்று காட்டும் இடம் அது. விண்டோஸ் 'டிஜிட்டல் லைசென்ஸ்' மூலம் ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று இருந்தால் நல்லது. 'உங்கள் ஆர்கனைசேஷனின் ஆக்டிவேஷன் சர்வீஸ்' மூலம் ஆனது என்ற பொருளில் ஆங்கில வரி இருந்தால், யோசியுங்கள்: உங்கள் வீட்டு லேப்டாப்புக்கு எந்த ஆர்கனைசேஷன்? அது பெரிய அலுவலகங்களுக்கான ஏற்பாடு. திருட்டு விண்டோஸை ஆக்டிவேட் செய்யும் புரோகிராம்கள் அந்த ஏற்பாட்டைப் போல நடித்துத்தான் வேலையை முடிக்கின்றன.

அடுத்து, விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்‌ஷன், மேனேஜ் செட்டிங்ஸ் என்று போய், கீழே எக்ஸ்க்ளூஷன்ஸ் என்ற பட்டியலைப் பாருங்கள். 'இந்த இடங்களைச் சோதிக்காதே' என்று விண்டோஸின் வைரஸ் காவலுக்குச் சொல்லி வைக்கும் பட்டியல் அது. வீட்டுக் கம்ப்யூட்டரில் அது காலியாக இருக்க வேண்டும். ஏதாவது ஃபோல்டர் பெயர் இருந்தால், அதைப் போட்டது நீங்களா என்று நினைத்துப் பாருங்கள்.

பல கடைகளில் நடப்பது இதுதான். ஃபார்மட் என்றால் அவர்களிடம் ஒரு பென் டிரைவ் இருக்கும். அதில் யாரோ எங்கேயோ மாற்றி அமைத்த விண்டோஸ், ஆக்டிவேட் செய்யும் புரோகிராம், கூடவே இலவசமாக இருபது மென்பொருள். ஆக்டிவேட் செய்யும் புரோகிராமை விண்டோஸின் காவல் பிடித்துவிடும் என்பதால் முதலில் காவலை நிறுத்துவார்கள், இல்லையென்றால் அந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள். பிறகு அதோடு ஒட்டிக்கொண்டு வருவதும் அதே சலுகையில் உள்ளே தங்கிவிடும். உண்ணிச்செடியை வேரை விட்டுவிட்டு வெட்டினால் மழைக்குத் துளிர்ப்பது போலத்தான் உங்கள் ஃபார்மட்டும் ஆகியிருக்கிறது.

இதில் எனக்கு ஆறவே ஆறாத விஷயம், திருட்டு விண்டோஸுக்கு இங்கே தேவையே இல்லை என்பது. லேப்டாப் விண்டோஸோடு விற்கப்பட்டதென்றால் அதற்கான உரிமச் சாவி உள்ளே மதர்போர்டிலேயே பதிந்திருக்கும். 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து பெரிய கம்பெனி லேப்டாப்களில் இதுதான் நடைமுறை. மைக்ரோசாஃப்ட்டின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிய விண்டோஸை ஏற்றினால், நெட் இணைந்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய ஹோம் பதிப்பைத் தூக்கி எறிந்துவிட்டு, புரோ போட்டுத் தருகிறேன் என்று பெருமையாகச் சொல்லி, அதற்கும் உங்களிடமே கூலி வாங்குகிறார்கள்.

ஆகவே மேலே சொன்ன இரண்டு அடையாளங்களில் ஒன்று இருந்தாலும் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருக்க வேண்டாம், புதிதாகவே ஏற்றிவிடுங்கள். 8 ஜிபி பென் டிரைவ் ஒன்று வாங்குங்கள். சுத்தமான வேறொரு கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் தளத்துக்குப் போய், மீடியா கிரியேஷன் டூல் என்ற இலவசக் கருவியால் விண்டோஸ் 11-ஐ அதில் ஏற்றுங்கள். சில ஜிபி இறங்கும். மலையில் செல்போன் ஹாட்ஸ்பாட்டை நம்பி இருப்பவர்கள் டேட்டா பார்த்துச் செய்யுங்கள். காற்றும் மழையுமாகக் கரண்ட் போய்ப்போய் வரும் நாளில் தொடங்க வேண்டாம். பில்களையும் போட்டோக்களையும் முன்பே வெளியே பிரதி எடுத்துக்கொள்ளுங்கள், புரோகிராம் ஃபைல்களை எடுக்காதீர்கள். கடையில்தான் செய்ய முடியும் என்றால் உங்கள் பென் டிரைவைக் கொடுத்து, கூட உட்கார்ந்து பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடை.

சரி, இனி வராமல் எப்படித் தடுப்பது?

மென்பொருள் தானாக வந்தது என்று எல்லோரும் சொல்வார்கள். பெரும்பாலும் நம் வீட்டில் யாரோ ஒரு 'யெஸ்' அழுத்தியிருப்பார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன், அந்த ஜன்னல்களை அமைத்திருக்கும் விதம் அப்படி. வீடியோ பிளேயர் ஒன்றை இன்ஸ்டால் செய்யும்போது நடுவில் இன்னொரு மென்பொருளின் பெயர் வரும். 'அக்செப்ட்' பட்டன் பெரிதாக, நீல நிறத்தில் இருக்கும். 'டிக்ளைன்' சாம்பல் நிறத்தில், அழுத்தவே முடியாதது போல மங்கலாக இருக்கும். சில இடங்களில் டிக் குறி முன்கூட்டியே போடப்பட்டிருக்கும், அதுவும் 'கஸ்டம்' என்பதைத் தேர்ந்தால்தான் கண்ணுக்கே தெரியும். 'ரெக்கமண்டட்' என்று இருப்பது அவர்களுக்கு லாபமான வழி. எப்போதும் கஸ்டம் தேர்ந்தெடுங்கள், வேண்டாத டிக்கை எடுங்கள், டிக்ளைன் தைரியமாக அழுத்துங்கள்.

ஆனால் வீட்டில் நாலு பேர் தொடும் கம்ப்யூட்டரில் எல்லோரும் எப்போதும் கவனமாக இருக்க முடியாது. அதற்குத்தான் கணக்குகளைப் பிரிக்கச் சொல்கிறேன். விண்டோஸில் முதலில் உருவாகும் கணக்கே அட்மினிஸ்ட்ரேட்டர், அதாவது எதையும் ஏற்றும் அதிகாரம் கொண்ட கணக்கு. தினமும் மெயில் பார்க்கும், சினிமா பார்க்கும் கணக்குக்கு அந்த அதிகாரம் எதற்கு? இத்தனை வருடமாகியும் இதை மாற்றாமல் விற்கிறார்களே என்று இன்றும் கோபம் வருகிறது.

செட்டிங்ஸில் அக்கவுன்ட்ஸ், அதர் யூசர்ஸ் பகுதியில் புதிதாக ஒரு கணக்கைச் சேர்த்து, அதை அட்மினிஸ்ட்ரேட்டராக மாற்றி, நல்ல பாஸ்வேர்டு வையுங்கள். அந்தக் கணக்கில் ஒரு முறை நுழைந்து, பாஸ்வேர்டு சரியாக வேலை செய்கிறதா என்று பாருங்கள். அப்புறம் அங்கிருந்தபடியே உங்கள் கணக்கையும் மகளின் கணக்கையும் 'ஸ்டாண்டர்ட் யூசர்' ஆக்குங்கள். பாஸ்வேர்டை நோட்டில் எழுதிப் பீரோவில் வையுங்கள். இனி எந்த மென்பொருளாவது கம்ப்யூட்டர் முழுவதற்குமாக உட்கார நினைத்தால் அந்தப் பாஸ்வேர்டைக் கேட்கும். நீங்கள் எதையும் ஏற்றாத நேரத்தில் கேட்டால், 'நோ'. அந்த ஜன்னல் மஞ்சள் பட்டையோடு வந்து, பப்ளிஷர் 'அன்னோன்' என்றிருந்தால், நீங்களே ஏற்றுவதாக இருந்தாலும் ஒரு நிமிடம் நிறுத்துங்கள்.

இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. பலர் ஏமாறுவது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சில மென்பொருள்கள் அதிகாரமே கேட்காமல், அந்தப் பயனரின் சொந்த ஃபோல்டருக்குள் மட்டும் உட்கார்ந்துகொள்ளும். நல்ல மென்பொருள்களும் இப்படிச் செய்கின்றன. கூகுள் குரோம் ஏற்றும்போது பாஸ்வேர்டு ஜன்னலில் 'நோ' சொன்னால், அட்மினிஸ்ட்ரேட்டர் இல்லாமலே ஏற்றட்டுமா என்று கேட்கும். அதே வழியில் வேண்டாதவையும் வரும். அப்படி வந்தது மகளின் கணக்கில் இருந்தால் பொதுவாக அந்தக் கணக்கோடு நிற்கும், உங்கள் பில் கணக்குக்கு வராது. கணக்கைப் பிரித்ததன் பலன் அது. இந்த ஓட்டையைச் சிறிதாக்க, செட்டிங்ஸில் ஆப்ஸ், அட்வான்ஸ்டு ஆப் செட்டிங்ஸ் பகுதியில் 'எங்கிருந்து ஆப்களை வாங்கலாம்' என்ற இடத்தில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் மட்டும் என்று வையுங்கள். நெட்டில் இறக்கியவற்றை அது தடுக்கும். பென் டிரைவில் வருவதை அது தடுக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். அதனால் விருந்தினர் பென் டிரைவை நீட்டி பிரின்ட் கேட்டால், ஃபைலை வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ அனுப்பச் சொல்லுங்கள். பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் குட்டி மென்பொருள்களான எக்ஸ்டென்ஷன்களும் இதே வகைதான், பாஸ்வேர்டு கேட்காமலே ஏறும். தேடல் பக்கம் மாறுவதற்குப் பெரும்பாலும் அவைதான் காரணம். பட்டியலைத் திறந்து, தெரியாததை எல்லாம் நீக்குங்கள்.

இன்னொரு காவலும் சும்மா கிடக்கிறது. விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆப் அண்ட் பிரவுசர் கன்ட்ரோல், ரெப்யூட்டேஷன் பேஸ்டு புரொடெக்‌ஷன் பகுதியில், வேண்டாத ஆப்களைத் தடுக்கும் பட்டன் 'ஆன்' ஆகி இருக்கிறதா என்று பாருங்கள். டேட்டா மிச்சமாகும் என்று யாராவது விண்டோஸ் அப்டேட்டை நிறுத்தியிருந்தால் அதையும் திறந்துவிடுங்கள்.

பாதி இறக்கங்களுக்குத் தேவையே கிடையாது. பிடிஎஃப் பார்க்கப் பிரவுசரே போதும். ஜிப் ஃபைலை விண்டோஸே திறக்கும். தமிழ் விசைப்பலகை விண்டோஸுக்குள்ளேயே இருக்கிறது, மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் வரும். பிரின்டரை இயக்கும் டிரைவர் மென்பொருளை பிரின்டர் கம்பெனியின் சொந்தத் தளத்தில் மட்டும் எடுங்கள். டிரைவர் அப்டேட்டர் என்ற ஜாதியே உங்களுக்கு வேண்டாம். நீலகிரிக்கு 2024 மே மாதத்திலிருந்து வண்டிகளுக்கு இ-பாஸ் வந்துவிட்டதால் விருந்தினருக்கு நீங்களே எடுத்துக் கொடுப்பீர்களாக இருக்கும். அரசுத் தளத்தில் படிவம் நிரப்பினால் முடிந்தது, காசு கிடையாது. அதற்காக எதையாவது இறக்கச் சொல்லும் பக்கம் அரசுடையது அல்ல.

ஹெல்ப்லைன் எண்ணை கூகுளில் தேடாதீர்கள். பிரின்டர் ஓடவில்லை என்று தேடி, மேலே விளம்பரமாக வந்த எண்ணுக்கு அழைத்து, அவர்கள் சொன்னபடி திரையைப் பகிரும் ஆப்பை ஏற்றி, வங்கிக் கணக்கைக் காலி செய்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். பணம் போனால் உடனே சைபர் மோசடிக்கான அரசு உதவி எண் 1930-க்கு அழையுங்கள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது.

உரிமையாளரின் அனுமதி இல்லாமல் கம்ப்யூட்டரில் கெடுதல் தரும் புரோகிராமைப் புகுத்துவது 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43-ஆவது பிரிவின்படி தவறு, இழப்பீடு கேட்கலாம். ஆனால் ஒரு ஃபார்மட்டுக்காகக் கோத்தகிரியிலிருந்து யார் அலைவார்கள்? இந்தத் தைரியத்தில்தான் இவர்கள் பிழைப்பு ஓடுகிறது. பில் கேளுங்கள். என்ன பதிப்பு, எதனால் ஆக்டிவேட் செய்தது என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

ஆன்டிவைரஸ் வாங்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். விண்டோஸோடு வரும் டிஃபெண்டர் உங்கள் வீட்டுத் தேவைக்குப் போதும். அதுபோக, மத்திய அரசின் சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் துடைக்கும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஆன்டிவைரஸுக்குக் கொடுக்க இருந்த காசில் ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். வாரம் ஒரு முறை பில்களையும் மகளின் பாடங்களையும் அதில் பிரதி எடுங்கள், எடுத்ததும் கழற்றி வையுங்கள். மாட்டியபடியே விட்டால், கம்ப்யூட்டரில் புகுந்தது அதற்குள்ளும் போய்விடும்.